இடுப்பு வலி இருக்கும்போது போட்டி வரை ஸ்மித் மெசினுக்கு மாறலாமா?

உப்புவெளியான் கேட்கிறார்:

வணக்கம். நான் திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் வசிக்கிறேன், வயது 24. மூன்று ஆண்டுகளாக எடை தூக்கிப் பயிற்சி செய்கிறேன். கடந்த ஆண்டு முதன்முறையாக 74 கிலோ பிரிவில் வலுதூக்கல் போட்டி மேடையில் ஏறினேன். அன்று ஸ்குவாட்டில் (பாரை, அதாவது எடைத்தட்டு மாட்டிய கம்பியைத் தோளில் வைத்துக் குந்தி எழுவது) 150, பெஞ்ச் பிரஸ்ஸில் (வாங்கில் படுத்து நெஞ்சிலிருந்து தள்ளுவது) 95, டெட்லிஃப்டில் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) 180 கிலோ தூக்கினேன். அடுத்த போட்டிக்கு இன்னும் 14 வாரங்கள் இருக்கின்றன.

ஏறத்தாழ ஒன்றரை மாதமாக இடுப்பின் கீழ்ப்பகுதியில் வலி இருக்கிறது. காலையில் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனியும்போது சுள்ளென்று பிடிக்கும், சிறிது நேரம் நடந்தால் தளர்ந்துவிடும். நிலாவெளி வீதியால் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வரும் நாட்களில் மாலையில் கூடுதலாகத் தெரியும். காலுக்கு இறங்குவதில்லை, மரத்துப்போவதும் இல்லை.

நான் போகும் உடற்பயிற்சி நிலையத்துக்கு அண்மையில் புதிய மெசின்கள் வந்திருக்கின்றன. அங்குள்ள பயிற்றுநர், பாரைத் தோளில் வைப்பதை நிறுத்திவிட்டுப் போட்டி வரைக்கும் ஸ்மித் மெசினிலேயே ஸ்குவாட் செய்யச் சொல்கிறார். செய்து பார்த்தேன். வலி குறைவாக இருந்ததுடன் 180 கிலோவையும் தூக்க முடிந்தது. ஆனால் முன்னர் போட்டிகளில் பங்குபற்றிய மூத்தவர்கள் மெசின் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். இரண்டில் எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதிலேயே பிரஷர் வந்து இன்றுவரை மாத்திரை எடுக்கிறார். நான் மூச்சைப் பிடித்துத் தூக்குவதைக் கண்ட அம்மா மிகவும் பயப்படுகிறார். மெசினில் செய்தால் பிரஷர் ஏறாது என்று யாரோ சொன்னதை நம்பி, அதற்கு மாறச் சொல்லி அவரும் கேட்கிறார். இது உண்மையா? பாரமான நாட்களில் பயிற்சிக்கு முன்னர் டைக்குளோஃபினாக் என்ற வலிநிவாரணி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய இரும்பு பதிலளிக்கிறார்:

தம்பி, முதலில் ஸ்மித் மெசினில் தூக்கிய அந்த 180ஐக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்மித் மெசினின் கம்பி இரண்டு தண்டவாளங்களுக்குள் ஓடுகிறது. பல மெசின்களில் கம்பியின் பாரத்தைக் குறைப்பதற்கு உள்ளே எதிரெடையும் தொங்குகிறது. கம்பி முன்னும் பின்னும் போகாமல் பிடித்துக்கொள்ளும் வேலையைத் தண்டவாளம் செய்வதால், பாதங்களை ஒரு சாண் முன்னே தள்ளி வைத்து, முதுகைக் கம்பியில் சாய்த்தபடி நீங்கள் இறங்கி ஏற முடிகிறது. உங்கள் இடுப்பு ஆறுதல் அடைந்ததற்கும் பெரும்பாலும் இந்தச் சாய்வுதான் காரணம். தோளில் பாரை வைத்துக்கொண்டு அதே நிலையில் இறங்கினால் பின்பக்கமாக விழுந்துவிடுவீர்கள், ஏனென்றால் அங்கே பார் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர்மேலே நின்றாக வேண்டும், அதை நிறுத்துவது உங்கள் உடம்பின் பொறுப்பு. கனடாவில் செய்து 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இரண்டு வகை ஸ்குவாட்டின்போதும், தசைகள் எவ்வளவு உழைக்கின்றன என்பதைக் காட்டும் மின்தொழிற்பாட்டை அளந்தார்கள். அளந்த தசைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, பாருடன் செய்த ஸ்குவாட்டில் அது சராசரியாக 43 சதவீதம் அதிகமாக இருந்தது.

மேடையில் என்ன கேட்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். சர்வதேச வலுதூக்கல் சம்மேளனத்தின் விதிகளின்படி, பார் தயார் என்று அறிவித்த பின் ஒரு நிமிடத்துக்குள் நீங்கள் தொடங்க வேண்டும். பாரைத் தாங்கும் சட்டமான ரேக்கிலிருந்து அதை எடுத்துப் பின்னே நடந்து, முழங்கால்களைப் பூட்டி அசையாமல் நின்று, நடுவரின் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டும். இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சியை விடக் கீழே போக வேண்டும், எழுந்த பிறகும் ‘ரேக்’ என்ற கட்டளை வரும்வரை நிற்க வேண்டும். இவற்றில் பின்னே நடப்பதையும் அசையாமல் நிற்பதையும் மெசின் உங்களுக்குக் கற்றுத்தராது.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் முழங்கால் நோவுக்காக எட்டு வாரங்கள் முழுவதும் ஸ்மித் மெசினில் ஸ்குவாட் செய்துவிட்டு ஒரு போட்டிக்குப் போனேன். கால்களில் பலம் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாரை எடுத்து முதலாவது அடியைப் பின்னே வைத்தேன். இரண்டாவது அடியில் பார் இடதுபக்கம் ஊசலாடத் தொடங்கியது. தட்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் காதருகே கேட்டது. நிதானப்படுத்த மூன்றாவது, நான்காவது அடியும் வைத்தேன், அதற்குள் பிடித்த மூச்சு பாதி போய்விட்டது. பயிற்சியில் சூடேற்றுவதற்குத் தூக்கும் எடையிலேயே எனக்கு, தூக்கு செல்லாது என்று நடுவர்கள் காட்டும் மூன்று சிவப்பு விளக்குகளும் எரிந்தன.

இதற்காக மெசினை ஒதுக்கச் சொல்லவும் மாட்டேன், முகம் சுளிக்கும் மூத்தவர்களோடு இந்த இடத்தில் நான் ஒத்துப்போகவில்லை. முன்னர் நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2023இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, தசை வளர்ச்சியில் பார் போன்ற ஃப்ரீ வெயிட்டுக்கும் மெசினுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும், பலம் மட்டும் எதில் பழகினோமோ அதில்தான் கூடுதலாக வெளிப்படுகிறது என்றும் காட்டியது. அப்படியானால் வழி தெளிவாகிறது. போட்டித் தூக்குகளைப் பாரில் பழகுங்கள், தசைக்குத் தேவையான மீதி வேலையை முள்ளந்தண்டின் மேல் ஏற்றாமல் மெசினுக்குக் கொடுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால், முதல் நான்கு வாரங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் 90 முதல் 100 கிலோவுக்குள் மெதுவாக இறங்கி, அடியில் ஒரு கணம் நின்று எழும்புவேன். அதன் பின் சாய்ந்து அமர்ந்து கால்களால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ், தொடையின் பின்தசைக்கான கேர்ல், நெஞ்சைத் தாங்கியில் பதித்து இழுக்கும் ரோ ஆகியவற்றைச் செய்வேன். லெக் பிரஸ்ஸில் ஒரு கவனம் வேண்டும். முழங்கால்கள் நெஞ்சைத் தொடுமளவுக்கு இறக்கினால் இடுப்பு மெத்தையை விட்டுச் சுருண்டு எழும்பும், அந்த நிலையில் முழுப் பாரமும் நீங்கள் காப்பாற்ற நினைக்கும் அதே இடத்தில் இறங்கும். இடுப்பு மெத்தையை விட்டு எழும்பத் தொடங்கும் புள்ளிக்கு முன்னரே நிறுத்திவிடுங்கள்.

இயன்மருத்துவர், திருகோணமலை, பதிலளிக்கிறார்:

நேரில் பார்க்காமல் இது இன்ன வலி என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நீங்கள் எழுதியதில் பயப்பட வைக்கும் அறிகுறி எதுவும் இல்லை. ஆனாலும் வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, தொடைகளின் உட்பகுதியும் மலவாயிலைச் சுற்றிய இடமும் மரத்தாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ ஒரு நாளும் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

வலுதூக்கலில் காயம் ஏற்படும் வீதம் பயிற்சியின் 1000 மணித்தியாலங்களுக்கு 1.0 முதல் 4.4 வரை என்று 2017இல் வெளியான மீளாய்வு ஒன்று கணக்கிட்டது. ஓடி முட்டி மோதும் பல விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் இது குறைவு. தோள், கீழ்முதுகு, முழங்கால் ஆகிய மூன்று இடங்களே அதிகமாகப் பாதிக்கப்படுகின்றன. என்னிடம் வரும் எடைதூக்குவோரிடம் நான் முதலில் கேட்பது, கடந்த இரண்டு மாதங்களில் எடையையோ தடவைகளையோ எவ்வளவு வேகமாகக் கூட்டினீர்கள் என்பதைத்தான். பாரா, மெசினா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். தசை ஓரிரு வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள இழையங்களும் பழக இன்னும் கூடிய காலம் எடுக்கும். உங்கள் பயிற்சிக் குறிப்பேட்டைத் திறந்து, வலி தொடங்கிய வாரத்துக்கு முந்திய ஒரு மாதத்தைப் பாருங்கள்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மெசினில் பிரஷர் ஏறாது என்பது தவறு. 1985இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடற்கட்டுப் பயிற்சி செய்யும் ஐந்து பேரின் மேற்கை நாடிக்குள் குழாயைச் செலுத்தி, அவர்கள் எடை தூக்கும்போதே குருதி அமுக்கத்தை நேரடியாக அளந்தார்கள். இரண்டு கால்களாலும் செய்த லெக் பிரஸ்ஸில்தான் மிக உயர்ந்த அளவு பதிவானது. சராசரி 320/250 ஆக இருந்தது, ஒருவருக்கு 480/350ஐயும் தாண்டியது. லெக் பிரஸ் ஒரு மெசின் என்பதைக் கவனியுங்கள். பெரிய தசைகள் இறுகுவதும் மூச்சைப் பிடித்து முக்குவதும் சேரும்போது அமுக்கம் ஏறுகிறது, எடை தண்டவாளத்தில் ஓடுகிறதா தோளில் கிடக்கிறதா என்பதை இதயம் அறியாது. ஆரோக்கியமானவருக்குத் தூக்கி முடித்துச் சில விநாடிகளில் அது இறங்கிவிடும். ஓய்வாக இருக்கும்போதே அமுக்கம் உயர்ந்திருந்தால்தான் கவலை, அது 140/90க்கு மேல் தொடர்ந்து இருந்தால் வைத்தியரிடம் காட்டி அனுமதி பெற்ற பிறகே உச்ச எடைகளைத் தொட வேண்டும். அப்பாவின் வரலாறு இருப்பதால் உங்களுக்கு இந்த அளவீடு கட்டாயம்.

டைக்குளோஃபினாக்கைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனீர்கள், எனக்கு அதுதான் மிகப் பெரிய கவலை. அந்த வகை மாத்திரைகள் குருதி அமுக்கத்தைக் கூட்டும், இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்துக்குப் போகும் குருதியோட்டத்தைக் குறைக்கும். நம் ஊரின் வெக்கையில், தகரக் கூரையின் கீழ் வியர்த்துக் கொட்டும்போது உடலில் நீர் ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு இது இரட்டைச் சுமை. எடைப்பிரிவுக்காகத் தண்ணீரைக் குறைக்கும் வாரத்தில் இதைப் போடுவது இன்னும் ஆபத்தானது. எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னர்தான் தொடங்குகிறது, இழந்த நீரை அதற்குள் உடல் முழுமையாக மீட்டுக்கொள்ளாது. வலியை மறைத்துத் தூக்கினால், எந்த எடையில் நிறுத்த வேண்டும் என்று உடல் சொல்வதும் உங்களுக்குக் கேட்காமல் போய்விடும்.

மூதூர்க்கரை பதிலளிக்கிறார்:

மெசினே இல்லாத இடத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்குப் பின்னால் இறக்கிய கொட்டிலில் ஒரு பார், கடையில் ஒட்டுவித்த ஒரு ரேக், தட்டுகள், வாங்கு ஆகியவை மட்டும்தான் இருக்கின்றன. பழைய இரும்பு அண்ணா சொன்ன மீதி வேலையை ஒற்றைக்கால் ஸ்குவாட், முதுகு நீட்டல், வாங்கில் குப்புறப்படுத்து இழுக்கும் ரோ ஆகியவற்றால் செய்கிறேன். என் முதுகும் ஒரு காலத்தில் நொந்தது, இப்படித்தான் மீண்டது. அதனால் மெசின் இல்லாதவர்கள் இதைப் படித்து மனம் தளர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடற்கரையில் பார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் பாரின் சொரசொரப்பான பிடிப்பகுதிக்குள் துரு ஏறி அடைத்துக்கொள்கிறது. சோக்கட்டித் தூளும் வியர்வையும் சேர்ந்தால் அது பசைபோல் ஆகி, பிடிப்பு ஒரு கைக்கு ஒரு மாதிரியும் மறுகைக்கு வேறு மாதிரியும் இருக்கும். டெட்லிஃப்டில் ஒரு பக்கம் வழுக்கும்போது இடுப்பு தன்னையறியாமல் திரும்பிவிடுகிறது. நான் வாரம் ஒருமுறை கம்பித் தூரிகையால் தேய்த்து, தையல் மெசின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசி, உடனேயே துடைத்துவிடுகிறேன்.

பழைய இரும்பு:

மூதூர்த் தம்பி, நல்ல விடயம் சொன்னீர்கள். தனியாகப் பயிற்சி செய்வதாகத் தெரிவதால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பெஞ்ச் பிரஸ்ஸின்போது இருபக்கமும் பாதுகாப்புத் தாங்கிகள் இல்லாவிட்டால் தட்டுகளுக்குக் கிளிப் போடாதீர்கள், பார் நெஞ்சில் மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சரித்துத் தட்டுகளை விழுத்திவிடலாம். பெருவிரலைப் பாரைச் சுற்றி மடக்கியே பிடியுங்கள். மேடை விதியும் அதைத்தான் கேட்கிறது.

உப்புவெளியான்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இயன்மருத்துவர் அக்கா சொன்னபடி குறிப்பேட்டைப் பார்த்தேன். வலி தொடங்குவதற்கு முந்திய மூன்று வாரங்களில் டெட்லிஃப்டின் ஐந்து தடவைச் சுற்றை 130இலிருந்து 155க்கு ஏற்றியிருக்கிறேன். அதே வாரங்களில் வாரத்துக்கு ஒரு நாளாக இருந்த டெட்லிஃப்டை இரண்டு நாளாகவும் ஆக்கியிருக்கிறேன். எழுதி வைத்தவன் நானே, ஆனாலும் இதுவரை கண்ணில் படவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டேன். நேற்று பயிற்சி முடித்து வரும் வழியில் ஒரு மருந்தகத்தில் பிரஷர் பார்த்தபோது 142/86 காட்டியது. இது கூடுதலா?

இயன்மருத்துவர், திருகோணமலை:

பயிற்சி முடிந்த கையோடு, தெருவெக்கையில் நடந்து வந்து அளந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். அப்பாவிடம் கருவி இருந்தால் ஒரு வாரத்துக்குக் காலையில் தேநீர் குடிப்பதற்கு முன்னர், ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து அமர்ந்திருந்து, கையை நெஞ்சின் மட்டத்தில் மேசைமேல் வைத்து அளந்து எழுதுங்கள். அந்த ஏழு எண்களையும் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். டெட்லிஃப்டை மீண்டும் வாரத்துக்கு ஒரு நாளாக்கி, பாரை இரண்டு மரக்கட்டைகளின் மேல் உயர்த்தி வைத்து, 110 கிலோவிலிருந்து தொடங்குங்கள். காலையில் சப்பாத்து நாடா கட்டும்போது வலி முந்திய நாளை விடக் கூடவில்லை என்றால் அடுத்த வாரம் 5 கிலோ ஏற்றலாம்.

பழைய இரும்பு:

பாருடன் செய்யும் முதல் ஸ்குவாட் நாளில், இடுப்பு உயரத்தில் பக்கவாட்டாகக் கைப்பேசியை வைத்து, ரேக்கிலிருந்து பின்னே நடப்பதும் தெரியும்படி ஒரு காணொளி எடுத்து இங்கே போடுங்கள், தம்பி. எத்தனை அடி வைக்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.