குயர் கோடிங்: மறைகுறியா, பால்மயக்கா?

ஒருத்தர் பாலினத்துலயோ பாலீர்ப்புலயோ வழக்கமான வகைக்குள்ள அடங்காதவர் (குயர்)னு வெளிப்படையா சொல்லாம, குறிப்பா உணர்த்தறதை இங்கிலீஷ்ல 'குயர் கோடிங்'ம்பாங்க. அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு கேட்டிருந்தீங்க. "பாலின மறைகுறி"ன்னு நேத்து ஒருத்தர் சொன்னது எனக்கு ஒட்டவே இல்லங்க. மறைகுறின்னாலே கணினிக்காரங்களோட மறையாக்கம்தான் (encryption) ஞாபகம் வருது, பூட்டு இருக்கு, சாவி கெடச்சா உள்ள ஒரே ஒரு பதில் இருக்குங்கற மாதிரி. தி கிங்க்ஸ்ங்கற இங்கிலாந்து ராக் குழு 1970ல பாடின 'லோலா' பாட்டைப் பாருங்க, அதுல எதுவும் பூட்டி வைக்கல, "I'm glad I'm a man and so is Lola"ங்கற வரியோட இலக்கணமே ரெண்டு பக்கமும் திறந்து கெடக்கு: லோலாவும் ஆண்னும் எடுக்கலாம், நான் ஆணா இருக்கறதுல லோலாவுக்கும் சந்தோஷம்னும் எடுக்கலாம். தமிழ்ல அதைக் கொண்டுவரப் பாத்தேன், "லோலாவும்"னு போட்டா அவங்களும் ஆண்தான்னு ஆயிடுது, "லோலாவுக்கும்"னு போட்டா அவங்களுக்கும் சந்தோஷம்னு ஆயிடுது, நம்ம வேற்றுமை உருபு நழுவவே விடமாட்டேங்குது. (இத்தனைக்கும் பாட்டை ஒலிபரப்ப வேண்டிய பிபிசிக்கு அப்ப உறுத்தினது பாலினம் இல்ல, அதுல வந்த கொக்க கோலாங்கற கம்பெனி பேரு! பாட்டை எழுதிப் பாடின ரே டேவிஸ் அமெரிக்காலேருந்து லண்டனுக்குப் பறந்து வந்து செர்ரி கோலான்னு மாத்திப் பாடிட்டுப் போனார்.)

அதனால என் ஓட்டு "பால்மயக்கு"க்கு, அதாவது ஆணா பெண்ணான்னு தெளிவா தெரியாத நிலை. புதுசா உருவாக்கவும் வேணாம், தொல்காப்பியத்துல சொல்லிலக்கணம் பேசற கிளவியாக்கம்ங்கற இயல்லயே இருக்கு. தூரத்துல வர்றது ஆணா பெண்ணான்னு தெரியலன்னா பன்மையில சொல்லுன்னு விதி, அதாவது அவனும் இல்ல அவளும் இல்ல, "அவர்".

———

சார், கிளவியாக்கம் சரி, ஆனா இன்னிக்கு மயக்கம்னா தலைசுத்தல்தானே? அந்த மனுஷங்களே குழம்பிப் போயிருக்காங்கன்னு படிக்கறவங்க எடுத்துக்கிட்டா? குழப்பம் கேக்கறவனுக்குத்தான், லோலாவுக்கு இல்லியே. இன்னொண்ணு, கிளவியாக்கத்துல பேசறவனுக்கே தெரியாது, பாட்டுல எழுதினவருக்குத் தெரிஞ்சும் சொல்லாம விடறார், ரெண்டும் ஒண்ணா?

———

ரெண்டாவது பாயின்ட் சரியான அடி, அதை நான் யோசிக்கல. அப்ப ரெண்டு சொல்லா பிரிச்சுடலாம். வரி ரெண்டு பாலுக்கும் இடம் குடுத்தா "பால்மயக்கு வரி", அதை ஆளுக்கு அடைமொழியா ஒட்டவே கூடாது. எழுதினவர் தெரிஞ்சே, புரியறவங்களுக்குப் புரியட்டும்னு விட்டுட்டுப் போறதுதான் நீங்க கேட்ட குயர் கோடிங், அதுக்கு "பால்புதுமைக் குறிப்பு". பால்புதுமையினர்ங்கறது குயர் மக்களுக்குத் தமிழ்ல ஏற்கனவே புழங்கற சொல், குறிப்புப்பொருள், அதாவது நேரா சொல்லாம உணர்த்தற பொருள், நம்ம உரையாசிரியர்கள் புழங்கின சொல். கொஞ்சம் நீளம்தான், ஆனா மறைகுறி மாதிரி ஏதோ துப்பறியற வேலைன்னு தோணாது. யாராச்சும் சுருக்கித் தந்தா எடுத்துக்கறேன், "பாற்குறிப்பு"ன்னு மட்டும் புணர்த்திடாதீங்க, பால் கணக்கு எழுதற நோட்டுன்னு நெனச்சுடுவாங்க.