வெள்ளச் சமவெளிக்குள் போக நடையா, சைக்கிளா?

மணல்திட்டு:
ஆற்றோரக் காப்பகம் ஒன்றில் பகல் முழுக்கச் சுற்றத் திட்டம். மொத்தம் 24 கி.மீ. முதல் 9 கி.மீ. வெள்ளத் தடுப்புக் கரையின் மேல் கெட்டித் தடம். அடுத்த 8 கி.மீ. சமவெளிக்குள் இறங்குகிறது: நாணல், தூர்ந்த பழைய ஆற்றுத் தடங்கள் இரண்டு, வளைவில் ஒரு மணல் திட்டு. கடைசி 7 கி.மீ. மறுபடி கரை. சைக்கிளுக்கு அனுமதி உண்டு. வெள்ளம் வடிந்து 10 நாள். நடப்பதா, மிதிப்பதா?

நாணல்:
நடங்கள். பத்து நாள் மணலுக்குப் போதும், களிக்குப் போதாது. மேலே பாளம் பாளமாக வெடித்திருக்கும், காய்ந்த தரை போலத்தான் தெரியும். பாளத்தின் ஓரம் சுருண்டு நின்றால் பெரும்பாலும் காய்ந்தது மேல்தோல் மட்டும்தான். குதிகாலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள், கீழே வெண்ணெய். சக்கரம் அதில் ஏறினால் டயரில் களி ஒட்டும், களியில் சருகு ஒட்டும், சருகின்மேல் மறுபடி களி. செங்கல் அறுக்கப் பிசைந்த மண் மாதிரி இறுகிவிடும். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளிதான் என்றால் கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் சிக்கி நிற்கும். மட்கார்டு இருந்தால் இன்னும் சீக்கிரம். பிறகு சைக்கிள் உங்கள் தோளில்தான்.

இருசக்கரம்:
ரோடு சைக்கிளை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். 2.2 அங்குல டயர், இரண்டு பக்கமும் 10 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி, டிஸ்க் பிரேக், மட்கார்டு கிடையாது. இப்படி இருந்தால் பாதிப் பிரச்சினை போயிற்று. காற்றழுத்தமும் முக்கியம். 70 கிலோ ஆளுக்கு டியூப் இல்லாத டயரில் 20 முதல் 24 பி.எஸ்.ஐ. போதும். டியூப் இருந்தால் 28க்குக் கீழே இறக்காதீர்கள். இறக்கினால் வேரிலோ கல்லிலோ மோதும்போது டியூப் ரிம்மோடு நசுங்கி, அக்கம்பக்கமாக இரண்டு கீறல் விழும். முள் குத்தினால் ஒரே ஓட்டைதான், அதை வைத்து எது நடந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

கணக்கையும் பாருங்கள். 24 கி.மீ. நடக்க மணிக்கு 4 கி.மீ. வீதம் 6 மணி நேரம், நின்று பார்க்கும் நேரம் தனி. கரையில் உள்ள 16 கி.மீ.யை சைக்கிளில் ஒன்றரை மணிக்குள் முடித்துவிட்டால், நிஜமாகப் பார்க்க வேண்டிய 8 கி.மீ.க்கு நாளின் பெரும்பகுதி மிஞ்சும்.

நாணல்:
அந்த 8 கி.மீ.யில்தான் என் ஆட்சேபணையே. 2009இல் வெளியான, அமெரிக்காவின் ஓரிகனில் எல்க் மான்களை வைத்துச் செய்த ஆய்வில், அவற்றை அதிகம் நகர வைத்தது மோட்டார் வண்டி, அடுத்தது சைக்கிள். நடப்பவர் அதற்கும் பின்னால்தான். காரணம் எளிது. சைக்கிள் சத்தமில்லாமல் வேகமாக வரும். நாணல் மூடிய வளைவில் விலங்கும் பார்க்காது, நீங்களும் பார்க்க மாட்டீர்கள், முகத்துக்கு முகம் சந்திப்பீர்கள்.

இருசக்கரம்:
ஆய்வு என்றால் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். யூட்டாவின் ஆன்டெலோப் தீவில் காட்டெருமை, மான், மான் போன்ற பிராங்ஹார்ன் மூன்றையும் பார்த்தார்கள், 2003இல் வெளியானது. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் அவை காட்டிய மிரட்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. தடத்தை விட்டு விலகிய ஆளைக் கண்டுதான் மான் அதிகம் மிரண்டது. விலகி நடப்பது யாருக்குச் சுலபம்? உங்களுக்குத்தான். மொன்டானாவில் 1994இல் வந்த ஆய்வோ, ஈரத் தடத்தில் சக்கரத்தைவிடக் ஆள் காலும் குதிரைக் குளம்பும்தான் அதிக மண்ணைப் பெயர்த்தன என்கிறது.

நாணல்:
மொன்டானா மலைத்தடம், இது சமதளக் களி. கால் பதிந்தால் தனித்தனிக் குழி, தண்ணீர் அதிலேயே தேங்கி நிற்கும். சக்கரம் பதிந்தால் தொடர்ச்சியான சால். அடுத்த மழையில் அது வாய்க்கால், அதற்கடுத்த மாதம் எல்லோரும் அதைச் சுற்றிப் போய்த் தடம் இரண்டு மடங்கு அகலம். மான் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், தடத்தை விட்டு விலகும் நடைக்காரனை நானும் ஆதரிக்கவில்லை.

கரைமேடு:
இரண்டு பேரும் வாகனத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். தரை எப்படிச் சாய்கிறது என்று பாருங்கள். வெள்ளம் கரை மீறும்போது வேகம் குறைந்து, கனமான மணலையும் வண்டலையும் ஆற்றின் ஓரத்திலேயே போட்டுவிடும். நுண்ணிய களி மட்டும் உள்ளே தூரம் போய்ப் படியும். அதனால் இயற்கையான சமவெளியில் ஆற்றை ஒட்டிய விளிம்புதான் மேடு, ஆற்றை விட்டு விலக விலகப் பள்ளம். மேட்டில் சைக்கிள் ஓடும், பின்பள்ளத்தில் புதையும். தண்ணீர் விரும்பும் கோரை தொடங்கும் இடமே எல்லைக்கோடு, அங்கே இறங்கிவிடுங்கள்.

ஆபத்தும் இதே சாய்விலிருந்துதான் வருகிறது. ஆறு ஏறும்போது முன்னால் உள்ள மேடு கடைசியில்தான் முழுகும். அதற்கு முன்பே தண்ணீர் பழைய தடங்கள் வழியாகப் பின்பக்கமாக நுழைந்து நீங்கள் வந்த வழியை மூடிவிடும். முன்னால் ஆறு கரைக்குள் சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும், நீங்களோ தீவில் நிற்பீர்கள். உங்கள் தலைக்கு மேல் மேகமே இல்லாவிட்டாலும் ஆற்றின் மேல்பகுதியில் மழை பெய்திருக்கலாம், அணை திறந்திருக்கலாம். முதல் பழைய தடத்தைக் கடக்கும்போதே நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, 10 நிமிடம் கழித்துப் பாருங்கள். விளிம்பு குச்சியைத் தாண்டியிருந்தால் திரும்பிவிடுங்கள். 10 மீட்டர் இடைவெளி சமஉயரக் கோடு போட்ட வரைபடம் இங்கே உதவாது. விஷயம் முழுக்க ஒன்றிரண்டு மீட்டருக்குள் நடக்கிறது. மரத்தில் சருகும் சேறும் விட்டுப்போன கோடு அதைவிட நல்ல வரைபடம்.

வெளிவளைவில் கரையின் விளிம்புக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், கீழே ஆறு குடைந்திருக்கும்.

இருசக்கரம்:
கோரை தொடங்கும் இடத்தில் இறங்குவது எனக்குச் சம்மதம். ஆனால் அப்படியே உருட்டிக்கொண்டும் போகலாமே?

நாணல்:
உருட்டினாலும் களி ஒட்டும் ஐயா. சக்கரத்துக்கு நீங்கள் ஏறியிருக்கிறீர்களா இறங்கியிருக்கிறீர்களா என்று தெரியாது. அதையும் மீறி மிதித்தால் பின் கியர் மாற்றியில் சேறு அடைத்து, செயின் அதை ஸ்போக்குக்குள் இழுத்துவிடும். கியர் மாற்றியை ஃபிரேமோடு இணைக்கும், முறியவென்றே இருக்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டு முதலில் போகும், அதுவும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வடிவம். மாற்று ஹேங்கர் பையில் இருக்கிறதா?

இருசக்கரம்:
இருக்கிறது. அதைப் பூட்டும் ஆலன் சாவியும்.

மணல்திட்டு:
மணல் திட்டில் ஏறலாமா? பழைய தடத்தில் தண்ணீர் ஓடினால் சைக்கிளை எந்தப் பக்கம் பிடிப்பது?

கரைமேடு:
இனப்பெருக்கக் காலமென்றால் திட்டில் ஏற வேண்டாம், காலாலும் வேண்டாம், சக்கரத்தாலும் வேண்டாம். ஆலாவும் உப்புக்கொத்தியும் கூடு கட்டுவதில்லை. மணலில் சின்னக் குழி, அதில் கூழாங்கல் நிறத்தில் முட்டை. அடி எடுத்து வைத்த பிறகுதான் தெரியும். ஒரு பறவை இறக்கை ஒடிந்தது போல இழுத்துக்கொண்டு ஓடினால் கூடு பக்கத்தில் இருக்கிறது. அதைத் தொடராமல், வந்த காலடிகளிலேயே திரும்புங்கள். உச்சி வெயிலில் தாய் எழுந்துபோனால் முட்டை வெந்துவிடும்.

இருசக்கரம்:
சைக்கிள் நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம். மேல்பக்கம் பிடித்தால் ஓட்டம் அதைத் தள்ளி உங்கள் காலில் மோத வைக்கும். தண்ணீர் முழங்காலைத் தொட்டு வேகமும் இருந்தால் கடக்கவே வேண்டாம். வேகமான ஓட்டத்தில் 15 செ.மீ. ஆழமே ஆளைச் சாய்க்கும்.

நாணல்:
அக்கரை போன பிறகு ஹப்பையும் செயினையும் ஆற்று நீரில் அலசாதீர்கள், மணல் உள்ளே போகும். காய்ந்ததும் குச்சியால் சுரண்டுங்கள். டயர் பள்ளங்களையும் ஷூ அடியையும் அடுத்த நீர்நிலைக்குப் போகுமுன் கழுவிக் காய வைக்க வேண்டும், களைவிதையும் நத்தையும் அந்தச் சேற்றில்தான் பயணம் செய்கின்றன. உங்கள் 2.2 அங்குல டயரில் எத்தனை பள்ளம் என்று எண்ணிப் பாருங்கள் இருசக்கரம், என் ஷூவை நான் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன்.