உயிருள்ள மரமும் சிமெண்ட் மரமும்: டிஸ்னி பூங்காவில் செய்ததை நம் கடற்கரையில் செய்ய முடியுமா?

கடலோர விடுதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்திற்கு அருகே எங்கள் குடும்பம் நடத்திவரும் சிறிய தங்கும் விடுதியை இந்த ஆண்டு விரிவாக்க இருக்கிறோம். வளாகத்தின் முன்புறத்தில், என் தாத்தாவின் காலத்திலேயே பெரிய மரமாக நின்ற ஒரு புன்னை இருக்கிறது. வண்டிகள் வந்து திரும்புவதற்கான பாதை அந்த இடத்தின் வழியாகத்தான் அமைய வேண்டும் என்று வரைபடம் போட்டவர் சொல்கிறார். மரத்தை வெட்ட எங்களுக்கு மனமில்லை. வேரோடு தோண்டி வளாகத்தின் மேற்கு மூலையில் நடலாமா என்று யோசிக்கிறோம். இது தவிர, குழந்தைகள் ஏறி உள்ளே நுழைந்து விளையாடும்படி சிமெண்டில் ஒரு பெரிய ஆலமரம் கட்ட வேண்டும் என்பது என் தம்பியின் ஆசை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகள், அங்குள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு பூங்காவின் படங்களை அனுப்பியிருக்கிறாள். ஒரு படத்தில் உள்ள மரம் வேறொரு இடத்திலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட உண்மையான மரம் என்றும், இன்னொரு படத்தில் விலங்குகள் செதுக்கப்பட்டிருக்கும் மிகப் பெரிய மரம் முழுக்கச் செயற்கை என்றும் எழுதியிருக்கிறாள். இவ்விரண்டையும் எப்படிச் செய்தார்கள், நம் ஊரில், அதுவும் உப்புக் காற்று அடிக்கும் இடத்தில், அந்த முறைகள் பொருந்துமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

நாஞ்சில் பசுமை எழுதியது:

உங்கள் உறவினர் அனுப்பிய முதல் படம் மேஜிக் கிங்டம் பகுதியில் நிற்கும் லிபர்ட்டி ட்ரீ என்னும் ஓக் மரமாகத்தான் இருக்க வேண்டும். 1971இல் அந்தப் பூங்கா திறக்கப்படுவதற்கு முன், பூங்காவுக்குச் சொந்தமான நிலத்திலேயே சுமார் எட்டு மைல் தள்ளி நின்ற, நூறு ஆண்டுகளுக்கும் மேல் வயதுள்ள மரம் அது. அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் பாஸ்டன் நகரத்து மக்கள் கூடிய மரத்தை, 1775இல் ஆங்கிலேயர் தரப்பினர் வெட்டி வீழ்த்தினார்கள். அதன் நினைவாகவே இந்த மரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கிளைகளில் தொங்கும் பதின்மூன்று விளக்குகள் தொடக்கத்தில் இருந்த பதின்மூன்று குடியேற்றப் பகுதிகளைக் குறிக்கின்றன.

மரத்தின் எடை 38 டன் என்று மதிப்பிட்டார்கள். வேரைச் சுற்றி விட்டிருந்த மண்கட்டி மட்டும் ஏறத்தாழ 18 அடி நீளமும் 16 அடி அகலமும் 4 அடி ஆழமும் கொண்டது. அடிமரத்தில் இரும்புக் கயிற்றைச் சுற்றித் தூக்கினால், அவ்வளவு எடைக்குப் பட்டை உரிந்துவிடும். பட்டைக்குக் கீழேதான் மரத்தின் உயிரோட்டம் இருக்கிறது. எனவே டிஸ்னி பூங்காக்களின் தோட்டங்களை அமைத்த பில் எவன்ஸ் குழுவினர், அடிமரத்தின் வலுவான பகுதியில் இரண்டு துளைகளைக் குறுக்காகத் துளைத்து, அவற்றில் எஃகுத் தண்டுகளைச் செருகி, அந்தத் தண்டுகளைப் பிடித்தே 100 டன் கிரேனால் மரத்தைத் தூக்கினார்கள். நட்டு முடித்த பிறகு தண்டுகளை எடுத்துவிட்டு, துளைத்தபோது கிடைத்த அதே மரத் துண்டுகளைக் கொண்டு துளைகளை அடைத்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அடைத்த துண்டுகளில் நோய் தொற்றி, அடிமரத்தின் உட்பகுதி அழுகத் தொடங்கியது. துண்டுகளையும் அழுகிய கட்டையையும் சுரண்டி எடுத்து, அந்த இடத்தைச் சிமெண்டால் நிரப்பி, அடிப்பகுதியில் அதே இனத்து இளமரம் ஒன்றை ஒட்டவைத்து மரத்தைக் காப்பாற்றினார்கள். உற்றுப் பார்ப்பவர்களுக்கு அந்தத் தடங்கள் இன்றும் தெரியும். அந்த மரத்தின் விதைகளிலிருந்து நூற்றுக்கணக்கான கன்றுகளையும் வளர்த்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, மரத்தைத் தூக்கிய திறமையைவிட இந்தக் கன்றுகளே பெரிய செயல். உங்கள் புன்னையின் காய்களைப் பொறுக்கி, ஓட்டை உடைத்து, இந்த ஆண்டே நாற்றாங்காலில் போடுங்கள். ஓடு நீக்கிய விதை விரைவில் முளைக்கும்.

தக்கலைக் கட்டுமானம் எழுதியது:

செயற்கை மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இரண்டாவது படம் டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் உள்ள ட்ரீ ஆஃப் லைஃப். 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று, புவி நாளில், அந்தப் பூங்கா திறக்கப்பட்டது. மரத்தின் உயரம் 145 அடி. நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ பதினான்கு மாடி. பார்வைக்குப் பெருக்க மரம் போன்ற பருத்த அடிமரம், அதற்குள் ஒரு திரையரங்கம், வெளியே முந்நூறுக்கும் மேற்பட்ட விலங்கு உருவங்கள், மேலே ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிளாஸ்டிக் இலைகள். சிற்பிகள் சிமெண்ட் பூச்சு இறுகுவதற்கு முன், சில மணி நேரத்திற்குள் ஒவ்வொரு பகுதியையும் செதுக்கி முடிக்க வேண்டியிருந்தது. சிம்பன்ஸிகளை ஆராய்ந்த ஜேன் குடால் பார்வையிட வந்தபோது, அவ்வளவு விலங்குகளுக்கிடையே சிம்பன்ஸி இல்லையே என்று கேட்டார். அதன் பிறகு, அவர் ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த டேவிட் கிரேபியர்டு என்னும் சிம்பன்ஸியின் உருவத்தை அரங்கின் நுழைவாயிலருகே செதுக்கினார்கள்.

ஆனால் உங்கள் தம்பி தெரிந்துகொள்ள வேண்டியது மேற்பூச்சு அன்று, உள்ளே இருக்கும் எலும்புக்கூடுதான். அது கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குரிய எஃகுச் சட்டகத்தை அடிப்படையாகக் கொண்டது. புயல் அடிக்கும் ஃபுளோரிடாவில் அவ்வளவு பெரிய கூரை காற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், மேற்பகுதியைப் பிரித்து, காற்றுக்குச் சற்றே அசைந்து கொடுக்கும் விரிவு இணைப்புகளால் பொருத்தினார்கள். நம் மாவட்டத்தில் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது ரப்பரும் தென்னையும் வாழையும் எப்படிச் சாய்ந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு, காற்றின் சுமையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. கொத்தனாரையும் கம்பி கட்டுபவரையும் மட்டும் நம்பிக் கிளை நீட்டாதீர்கள். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நெறிமுறை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி கணக்கிட்ட கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடம் கையில் இருக்க வேண்டும்.

கடலோரத்தில் இன்னொரு பகை உப்பு. காற்றில் வரும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துப் பூச்சைப் பிளந்து தள்ளும். ஐ.எஸ். 456 விதிப்படி கடலோரச் சூழலுக்குக் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர், கடல் தூவானம் படும் இடத்தில் 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் தேவை. சிமெண்ட் மரங்களைக் கம்பி வலையின் மேல் விரற்கடைப் பூச்சாகக் கட்டுவதுதான் பல இடங்களில் வழக்கம். முட்டத்தில் அப்படிக் கட்டினால், சில ஆண்டுகளிலேயே பட்டை போல உரிந்து குழந்தைகளின் தலையில் விழும். உள்ளே கம்பி இல்லாமல், காரம் தாங்கும் கண்ணாடி இழை கலந்த கான்கிரீட் பலகைகளை மேலுறையாகச் செய்து, துருப்பிடிக்காத எஃகுச் சட்டகத்தில் பொருத்துவதே நல்லது. செலவு கூடும், அதற்கேற்ப மரத்தைச் சிறிதாக்குங்கள், மூடலைக் குறைக்காதீர்கள்.

மார்த்தாண்டம் தாவரவியல் ஆசிரியை எழுதியது:

மேலே சொன்னவற்றோடு ஒரு திருத்தத்தைச் சேர்க்க விரும்புகிறேன். லிபர்ட்டி ட்ரீயின் துளையைச் சிமெண்டால் நிரப்பியதைப் பார்த்து, யாரும் தம் மரத்துப் பொந்தை அடைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்தில் அது பரவலான வழக்கம். இன்று மரவியலாளர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். காற்றில் மரம் அசையும்போது சிமெண்ட் அசைவதில்லை. உராய்ந்து புதிய காயம் உண்டாகிறது, நீரும் உள்ளே தங்குகிறது. மரம் தன் காயத்தை நம் தோலைப் போல ஆற்றுவதில்லை. சேதமடைந்த பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி, அதைத் தனிமைப்படுத்திவிட்டு, வெளியே புதிய கட்டையை வளர்த்துக்கொள்கிறது. அடிமரத்தின் நடுவில் துளைத்தால் அந்தத் தடுப்புகளையே நாம் உடைத்துவிடுகிறோம்.

உங்கள் புன்னையை மாற்றுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஆல், அரசு, பூவரசு போன்றவை கிளையை வெட்டி நட்டாலும் தழைக்கும் இனங்கள். அவற்றை மாற்றி நடுவது ஓரளவு எளிது. புன்னை மெதுவாக வளர்வது. முதிர்ந்த பிறகு இழந்த வேரை ஈடுகட்ட அதற்கு நீண்ட காலம் பிடிக்கும். முறையாகச் செய்ய வேண்டுமென்றால், ஓராண்டுக்கு முன்பே சுற்றிலும் பகுதி பகுதியாக வேரை நறுக்கி, அடிமரத்துக்கு நெருக்கமாகப் புதிய சிறுவேர்கள் விட இடம் கொடுக்க வேண்டும். இருபது அடி அகலமும் நான்கடி ஆழமும் கொண்ட வட்டமான மண்கட்டி ஐம்பது டன்னைத் தாண்டும். முட்டத்துச் செம்மணல் பொலபொலவென்று உதிர்வது. தூக்கும்போதே வேரைவிட்டு நழுவிவிடும். உப்பையும் காற்றையும் தாங்கி இத்தனை காலம் நின்ற மரம், நட்ட புதிய இடத்தில் பிடிப்பில்லாமல் அடுத்த புயலை எதிர்கொள்ள நேரும்.

சுசீந்திரம் கோயிலில் தலமரமான கொன்றையைச் சுற்றித்தானே வழிபாடும் கட்டடமும் அமைந்தன. மரத்தை நகர்த்த யாரும் நினைக்கவில்லை. உங்கள் வரைபடத்தில் பாதை என்பது ஒரு கோடுதான், அதை வளைக்கலாம்.

கடலோர விடுதி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பியும் நானும் இதைப் படித்துவிட்டு வரைபடம் போட்டவரிடம் பேசினோம். முன்புறச் சுற்றுச்சுவரை இடித்து நுழைவாயிலைத் தெற்கே தள்ளினால் புன்னை இருந்த இடத்திலேயே நிற்கலாம் என்கிறார். ஆனால் பாதையின் ஓர் ஓரம் மரத்தின் நிழலுக்குள் வரும். அது வேரைப் பாதிக்குமா? சிமெண்ட் மரத்தை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் கட்டுவதில்லை என்றும், கிளைகள் இல்லாமல் பொந்தும் விழுதுகளும் மட்டும் உள்ள அடிமரமாக அமைப்பது என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

மார்த்தாண்டம் தாவரவியல் ஆசிரியை எழுதியது:

பாதிக்கும், ஆனால் குறைக்க வழி உண்டு. நீரையும் காற்றையும் உறிஞ்சும் சிறுவேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் இரண்டடிக்குள் இருக்கின்றன. கிளைகளின் விளிம்பைத் தாண்டியும் பரவியிருக்கும். எனவே நிழல் விழும் பகுதியில் பாதைக்காகத் தோண்டவோ, ரோலர் ஓட்டி மண்ணை இறுக்கவோ கூடாது. இருக்கும் தரையின் மேலேயே சல்லியைப் பரப்பி, இடைவெளி விட்டுக் கற்களைப் பதியுங்கள். தாரும் கான்கிரீட்டும் வேண்டாம். கட்டட வேலை தொடங்குவதற்கு முன்பே மரத்தைச் சுற்றிக் கம்பு நட்டு வேலி கட்டிவிடுங்கள். சிமெண்ட் கலவை கழுவிய தண்ணீரையும் மிஞ்சிய சுண்ணாம்பையும் வேலையாட்கள் பெரும்பாலும் மர நிழலில்தான் கொட்டுவார்கள். பல மரங்கள் கட்டடம் முடிந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் காரணம் தெரியாமல் பட்டுப்போவது அதனாலும்தான்.