புதுப்பிப்பு: மாடிக் குளியலறை வெந்நீர்ச் சிக்கல்

சுழற்சி பம்பு (குழாயில் ஆறிய நீரை ஹீட்டருக்குத் திருப்பி அனுப்பி, வெந்நீரைச் சுற்றவிடும் பம்பு) ஓடியும் மாடிக் குழாயில் வெந்நீர் வர 3 நிமிடம் ஆகிறது என்று எழுதியிருந்தேன். பம்பு மேல்தான் சந்தேகம். பாவம், அதன் மேல் தப்பில்லை.

ஹீட்டருக்குத் திரும்பி வரும் குழாயைத் தொட்டால், பம்பு ஓடும்போதே சில்லென்று இருந்தது. அதாவது தண்ணீர் சுற்றவே இல்லை. பம்பை நிறுத்தி, ஹீட்டர் பக்க வால்வை மூடிவிட்டு, அந்தக் குழாயின் வடிகால் வால்வைத் திறந்தேன். புஸ் புஸ்ஸென்று காற்றைக் கக்கியது. காற்று போன பிறகும் ஓட்டம் மந்தம்தான். அப்புறம் நான்-ரிட்டர்ன் வால்வை (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் போகவிடும் வால்வு) கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் மடல் உப்புப் படிந்து, விரல் நகம் நுழையும் அளவுக்குத்தான் திறந்திருந்தது. ராத்திரி முழுக்க வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து மாட்டினேன்.

இப்போது 10 நொடியில் வெந்நீர். புதுப் பம்பு வாங்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும்.