சிவி மட்டும் கேட்கும் கன்சல்டிங் கம்பெனி: கையெழுத்துப் போடலாமா?

ஏரிக்காரர்:
நீர்வளத் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. 2007-ல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய ஐஏஎம்வார்ம் திட்டத்தில் ஏரி, அணைக்கட்டு, வாய்க்கால் என்று சீரமைப்பு வேலை நிறையப் பார்த்திருக்கிறேன். போன வாரம் இரவு ஒன்பதரைக்கு ஒரு கன்சல்டிங் கம்பெனியிலிருந்து போன். வட மாநிலத்தில் ஒரு பாசனத் திட்டம், உலக வங்கி நிதி, "உங்களைத்தான் டீம் லீடரா போடுறோம், நாளைக்கு மதியம் டெண்டர் சப்மிஷன், சிவியில கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்புங்க சார்" என்றார்கள். சம்பளம் கேட்டால் "ஜெயிச்ச பிறகு பேசிக்கலாம்". அவர்களே தயார் செய்து அனுப்பிய சிவியில் நான் கால் வைக்காத ஊரில் வேலை பார்த்ததாக இரண்டு வரி வேறு. நான் அனுப்பவில்லை. வந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டேனா?

டெண்டர் தம்பி:
நல்ல வேளை சார். அந்தப் படிவத்தின் அடியில் 'தவறான தகவல் இருந்தால் தகுதி நீக்கம் செய்யலாம்' என்று உறுதிமொழி இருக்கும், அதற்குக் கீழேதான் உங்கள் கையெழுத்து. பொய் சிவியை உலக வங்கி மோசடியாகவே பார்க்கும். தடைப்பட்டியலில் கம்பெனி மட்டுமில்லை, தனி ஆளும் வரலாம், அதுவும் யார் வேண்டுமானாலும் பார்க்கிற பட்டியல்.

அப்புறம், உங்கள் சிவிக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். டெண்டரில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க, உங்கள் சிவியும் சேர்ந்த டெக்னிக்கல் தரத்துக்கு 80, விலைக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். குறைந்த விலை சொன்னவருக்கு முழு 20, மற்றவருக்கு அந்த விகிதத்தில் குறையும். ஒரு கம்பெனி டெக்னிக்கலில் 90 மார்க், விலை ஒன்றரைக் கோடி. இன்னொன்று 80 மார்க், ஒரு கோடி. முதல் கம்பெனிக்கு 72-உம் 13.33-உம் சேர்த்து 85.33. இரண்டாவதுக்கு 64-உம் 20-உம், 84. ஜெயிப்பது விலை கூடக் கேட்டவர்தான். ஆனால் டீம் லீடர் சிவி சுமாராகி 90 மார்க் 85 ஆனால், மொத்தம் 81.33, வேலை போச்சு. இதனால்தான் ராத்திரியில் போன் வருகிறது.

மேன்மந்த்:
தம்பி சொன்னதோடு ஒன்று. பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்னாடிதான். ஒருமுறை நான் சும்மா நம்பிக் கையெழுத்துப் போட்டேன், ஜெயித்தார்கள். ஒப்பந்தத்துக்கு முன் அரசோடு நடக்கும் பேச்சுவார்த்தையில் முக்கிய நிபுணர்கள் எல்லாரும் வருவார்கள் என்று கம்பெனி உறுதி சொல்லியாக வேண்டும், அதுவரை தினம் போன், 'மேடம் மேடம்' என்று. ஒப்பந்தம் முடிந்து இரண்டே மாதத்தில் நான் 'சொந்தக் காரணத்தால் விலகினேன்' என்று கடிதம் போய்விட்டது, குறைந்த சம்பளத்தில் வேறு ஆள். நான் விலகவே இல்லை!

அதனால் மாதச் சம்பளம், எத்தனை மாதம், பயணம், தங்கல் யார் செலவு, எல்லாவற்றையும் மெயிலில் வாங்குங்கள். முக்கியமாக, அறிக்கையை அரசு ஏற்று கம்பெனிக்குப் பணம் வந்தால்தான் உங்களுக்கு என்கிற வரி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இன்செப்ஷன் ரிப்போர்ட் என்கிற முதல் அறிக்கையிலேயே மாதக்கணக்கில் தொங்குவீர்கள். கைக்கு வரும்போது 10 சதவீதம் டிடிஎஸ் போய்த்தான் வரும்.

ஏரிக்காரர்:
நன்றி இருவருக்கும். நேற்று மறுபடி போன், சப்மிஷன் தேதி பத்து நாள் தள்ளிப்போயிருக்கிறதாம். அந்த இரண்டு வரியை எடுங்கள், சம்பளத்தை மெயிலில் போடுங்கள் என்றேன். "மேல கேட்டுட்டுச் சொல்றோம் சார்" என்று வைத்துவிட்டார்கள்.