கவுப்பியோ (தட்டைப்பயறு) காளானோ: முத்தையன்கட்டு வீட்டுக்காரர் குழு

மல்லாவிச் சித்தி: வாணிக்கு கிளினிக்கில ரத்தத்தில ஹீமோகுளோபின் 9.6 எண்டு சொல்லிப்போட்டினம். ஐஞ்சு மாசம் நடக்குது. நாளைக்கு ஆர் கிளிநொச்சிப் பக்கம் போறியள்? சாமான் குடுத்துவிட வேணும்

சின்ன மாமா: 9.6 குறைவோ

மல்லாவிச் சித்தி: 11 இருக்க வேணுமாம்

கனடா மாமி: பிள்ளைக்குக் காளான் குடுங்கோ. இறைச்சிக்குச் சமனான சத்தாம். காசு நான் போடுறன்

தம்பி: மழைக்குப் பின்வளவுப் புத்தில காளான் வெடிச்சுக் கிடக்கு. புடுங்கிக்கொண்டு போகவோ

பெரியம்மா: தொடாதை தம்பி. எது நஞ்சு எண்டு பார்த்துச் சொல்ல இப்ப ஆக்கள் இல்லை. வயித்தில பிள்ளையோட இருக்கிறவளுக்கு உந்த விளையாட்டு வேண்டாம்.

மச்சாள், கோவிக்காதேங்கோ. காளான் நல்ல சாமான்தான். ஆனா 100 கிராம் பச்சைக் காளானில 90 கிராமுக்குக் கிட்டத் தண்ணி, புரதம் 3 கிராம். சட்டி நிறையப் போட்டால் ஒரு கைப்பிடியாச் சுருங்கிறது அதாலதான். காய்ஞ்ச நிறையில கணக்குப் பார்த்துத்தான் இறைச்சி மாதிரி எண்டு எழுதுறது. அவிச்ச கவுப்பி 100 கிராமில புரதம் 8 கிராமுக்குக் கிட்ட, இரும்பு 2.5 மில்லிகிராம், ஃபோலேட் எண்ட வைட்டமின் 200 மைக்கிரோகிராம். காளானில ஃபோலேட் அதில ஐஞ்சில ஒண்டும் வராது. இவளுக்கு இப்ப வேண்டியது இரும்பும் ஃபோலேட்டும்.

சின்ன மாமா: ரீச்சர் தொடங்கீட்டா 🙏

கனடா மாமி: காளானில வைட்டமின் டி இருக்கே

பெரியம்மா: ஓம், நறுக்கி வெயிலில வைச்சால் கூடும். கவுப்பியில டி இல்லை. கடையில வாங்கின காளானை நல்லா வேகவைச்சுத் தின்னட்டும், கவுப்பிக்குப் பதிலா வேண்டாம்

மல்லாவிச் சித்தி: கவுப்பி ஆரிட்டை இருக்கு

பெரியம்மா: போன சிறுபோகக் கவுப்பி அரை மூட்டை சின்னவன் வீட்டில

சின்ன மாமா: அது விதைக்கு. என்ர துண்டில விளைஞ்சது

தம்பி: உங்கட துண்டோ?

மல்லாவிச் சித்தி: காணிக் கதையை இப்ப எடுக்காதேங்கோ

பெரியம்மா: 98ல ஆமியின்ர ஜெயசிக்குறுச் சண்டை நேரம் மல்லாவியில ஓலைக்கொட்டிலுக்க நீ வாணியை வயித்தில வைச்சுக்கொண்டு என்னத்தைத் தின்னனி? அவிச்ச கவுப்பியும் தேங்காய்ச் சொட்டும். அதையும் சின்னவன்தான் சைக்கிளில கட்டிக்கொண்டு வந்தவன்.

சின்ன மாமா: 2 கிலோ தாறன்

வாணி: பெரியம்மா, கிளினிக்கில தந்த இரும்புக் குளிசை போட்டால் ஓங்காளிக்குது

பெரியம்மா: விடாதை பிள்ளை. கவுப்பி மட்டும் 9.6ஐ ஏத்தாது. இரவு படுக்கேக்க போடலாமோ எண்டு மிட்வைஃப் அக்காவைக் கேள். கவுப்பியை இரவு ஊறவிட்டு, அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டு அவி. தேங்காய்ப்பூ போட்டுத் தேசிக்காய் பிழிஞ்சுவிடு, இரும்பு உடம்பில ஒட்டும். சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் உனக்கு இருக்கு. அது இரும்பைத் தடுக்கும், ஒரு மணித்தியாலம் பொறு

வாணி: தேத்தண்ணியை விடவோ 😢

பெரியம்மா: விடச் சொல்லேல்ல, பிந்திக் குடி. கிளினிக்கில தாற திரிபோசாச் சத்துமாவை ஆருக்கும் குடாதை, நீ சாப்பிடு

வாணி: தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடிச்சால் இவரும் ரெண்டு எடுக்கிறார்

தம்பி: 😂

மல்லாவிச் சித்தி: தம்பி நீ போறியோ இல்லையோ

தம்பி: மோட்டார் சைக்கிள் ரயர் காத்துப் போய்க் கிடக்கு. பஸ்ஸில விடலாம்

கனடா மாமி: அப்ப காளானுக்குப் போடுற காசு?

பெரியம்மா: தேசிக்காயும் முட்டையும் வாங்கட்டும்

வாணி: கவுப்பி வயித்தை ஊதுது. பாதி பயறு விடுங்கோ

சின்ன மாமா: பயறு என்னட்டை இல்லை. ஒட்டுசுட்டான் அண்ணாவைக் கேளுங்கோ

மல்லாவிச் சித்தி: அவர் குழுவில இருந்து போட்டாரே. ஆர் கேக்கிறது?