ஈராக் கிறித்தவர்களுக்குத் தனிக் காணிக்கை எடுப்பது சரியா?

பூண்டி செல்வி:
வடக்கு ஈராக்கில் மொசூல் நகரைச் சுற்றியுள்ள நினிவே சமவெளிக்குத் திரும்பி வந்த கிறித்தவக் குடும்பங்களுக்காகத் தனிக் காணிக்கை எடுக்கப் போவதாக எங்கள் பங்குச் சாமியார் ஞாயிறு பூசையில் அறிவித்தார். அன்று மாலையே வாட்சப் குழுவில் சண்டை. நான் ஆதரவு. 2003இல் அமெரிக்கா படையெடுப்பதற்கு முன் அந்த நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேல் கிறித்தவர்கள் இருந்தார்கள். இன்று இரண்டு மூன்று லட்சம் இருந்தாலே அதிகம். 2014 ஆகஸ்டில் ஐஎஸ் தீவிரவாதிகள் வந்தபோது, அந்தச் சமவெளியில் உள்ள கிறித்தவ ஊரான கரகோஷே ஒரே இரவில் குர்திஷ் பகுதியின் எர்பில் நகருக்கு ஓடியது. கரகோஷின் பெரிய கோவிலின் முற்றத்தைத் துப்பாக்கி சுடப் பழகும் இடமாக்கியிருந்தார்கள். தூண்களில் குண்டு துளைத்த குழிகளைப் படத்தில் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அந்த ஊருக்குத்தான் ஜனங்கள் திரும்பி வந்திருக்கிறார்கள்.

கடைமடை விவசாயி:
செல்வி அக்கா, படத்தை நானும் பார்த்தேன். ஆனாலும் எதிர்க்கிறேன். 2018 நவம்பரில் கஜா அடித்து எங்கள் பேராவூரணிப் பக்கம் தென்னை மொத்தமும் சாய்ந்தது. அப்புறம் வைத்த கன்றுகளில் பல இப்போதுதான் பாளை விடுகின்றன. அந்தக் கடனே இன்னும் தீராத வீடுகள் உங்கள் பங்கிலும் இருக்கும். இன்னொன்று, உதவிக்கு எதற்கு மத முத்திரை? அதே 2014 ஆகஸ்டில் வடக்கு ஈராக்கின் சிஞ்சாரில் யசீதிகள் என்ற இன்னொரு சிறுபான்மை மதத்தாரை ஐஎஸ்காரர்கள் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள், பெண்களை அடிமைகளாக விற்றார்கள். அவர்களுக்கு எந்தக் கோவிலில் காணிக்கை எடுப்பது?

நாகூர்வாசி:
விவசாயி அண்ணன் கேட்டது நியாயம். சுனாமியில் இறந்தவர்களைப் புதைக்க எங்கள் தர்கா இடம் கொடுத்தது. வந்த உடல் இந்துவா, கிறித்தவரா, முஸ்லிமா என்று யாரும் பார்க்கவில்லை. மொசூலில் ஐஎஸ் கையில் செத்தவர்களில் முஸ்லிம்களும் ஏராளம். ‘கிறித்தவர்களுக்கு மட்டும்’ என்று பணம் போனால், பக்கத்து வீட்டுக்காரன் அவர்களை வெளிநாட்டான் ஆளாகப் பார்ப்பான். 2003 படையெடுப்புக்குப் பிறகு அங்கே அவர்கள் மீது விழுந்த பழியே அதுதான். உதவி செய்யப் போய் ஆபத்தை வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது.

பூண்டி செல்வி:
பாய், நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மைதான். ஆனால் பொதுவில் கொடுத்தால் எல்லாருக்கும் போய்ச் சேரும் என்பது அங்கே நடக்கவில்லை. ஓடி வந்த கிறித்தவர்களில் பெரும்பாலோர் ஐநா முகாம்களுக்குப் போகாமல், எர்பிலை ஒட்டிய அன்காவாவில் கோவில் வளாகங்களிலும் கட்டி முடிக்காத கட்டடங்களிலும் ஒண்டினார்கள். முகாம்களுக்குப் போன ஐநா உதவி தங்கள் மக்களைத் தொடவே இல்லை என்று எர்பில் பேராயர் பஷார் வார்தா பலமுறை வெளிப்படையாகச் சொன்னார். சோறு போட்டது கோவில்கள்தான். வீடுகளைத் திரும்பக் கட்டவும் அங்குள்ள மூன்று கிறித்தவ சபைகள் சேர்ந்து 2017இல் குழு அமைத்தன. அங்கே கொடுக்கவும் வாங்கவும் இருக்கிற ஆள் சபைதான். அதை விட்டால் வேறு எந்த விலாசத்துக்கு அனுப்புவது?

கடைமடை விவசாயி:
சரி, விலாசம் அதுவே இருக்கட்டும். எதற்குக் கொடுக்கிறோம்? கோபுரம் கட்டவா? வேலையும் பாதுகாப்பும் இல்லாவிட்டால் கட்டின வீட்டை விற்றுவிட்டு ஆஸ்திரேலியா போவான். நான் அவனைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் வராத வருஷம் எங்கள் பையன்கள் திருப்பூருக்கு வண்டி ஏறுவதும் இதேதான்.

நாகூர்வாசி:
இதில்தான் நாம் மூன்று பேரும் சேர முடியும். எர்பிலில் அதே பேராயரின் மறைமாவட்டம் 2015இல் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியது. கிறித்தவர், யசீதி, முஸ்லிம் எல்லாரும் ஒன்றாகப் படிக்கிறார்கள். அந்த மாதிரி இடத்துக்குப் பணம் போனால் நானும் கொடுப்பேன். சிறுபான்மை ஊரில் தங்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுப் பையனும் அங்கே படிக்க வேண்டும்.

பூண்டி செல்வி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘எல்லாருக்கும்’ என்று சொல்லி, அழிந்துகொண்டிருக்கும் ஒரு சனத்தின் பெயரையே சொல்லாமல் விடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். யசீதிகள் பெயரையும் சேர்த்தே சொல்வோம். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்யும்போது போடும் காணிக்கை புனித பூமிக்குப் போகிறது, அதில் ஈராக்கும் சிரியாவும் அடங்கும். பாதிப் பேருக்கு இது தெரியாது, யாரும் விளக்கிச் சொன்னதும் இல்லை.

கடைமடை விவசாயி:
அப்படியென்றால் புதுக் காணிக்கைக்கு முன்னால் அந்தப் பழைய காணிக்கைக் கணக்கைப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். இன்னொரு விஷயம், இங்கே பதிவான அறக்கட்டளை வெளிநாட்டில் செலவு செய்தால், நேரடி வரி வாரியத்தின் அனுமதி இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடையாது. சாமியார் ஆடிட்டரிடம் கேட்டாரா?

பூண்டி செல்வி:
புதன்கிழமை பங்குப் பேரவை கூடுகிறது. இரண்டையும் எழுதிக் கொடுக்கிறேன். கல்விக்கு, மதம் பார்க்காமல் என்று தீர்மானத்தில் சேர்க்கவும் கேட்பேன். பேரவை மறுத்தாலும் என் பங்குக் காணிக்கையைப் போடுவேன்.